இரண்டாவது எண்

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. லாச்சப்பல் தேநீர்க்கடையில் எல்லோரும் கைபேசியைப் பார்த்தபடி இருந்தோம். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. 1982 முதல் நடந்த எட்டுத் தேர்தல்களிலும் இப்படி நடந்ததில்லை.

“அப்ப ஆர் வென்றது?” என்றார் பக்கத்திலிருந்த அண்ணன்.

பிரான்சில் இது புதினமில்லை. 1965 முதல் இன்றுவரை எந்த ஜனாதிபதியும் முதற்சுற்றில் வென்றதில்லை. இரண்டு வாரம் கழித்து மக்கள் மறுபடி வாக்களிப்பார்கள். இலங்கையிலோ அந்த இரண்டாம் சுற்று அதே வாக்குச்சீட்டுக்குள் இருக்கிறது. 1 எழுதியபின் 2, 3 என்றும் எழுதலாம். முதலிரு வேட்பாளர்கள் தவிர்ந்தோருக்கு விழுந்த சீட்டுகளில் அந்த விருப்பு வாக்குகளை எண்ணுவார்கள்.

அன்று அப்படி எண்ணவேண்டிய சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் 226,343 வாக்குகளும் அவற்றுள் அடக்கம். இருவருக்கும் சேர்த்துக் கிடைத்த விருப்பு வாக்குகள் 273,131. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாலையில் அநுர வென்றார்.

முதல் எண்ணில் நாங்கள் யாரென்று சொல்கிறோம். இரண்டாவதில், எங்களை யார் ஆளலாம் என்று சொல்கிறோம். எங்களை ஒருவரும் கேட்பதில்லை என்பது நம் பழைய முறைப்பாடு. அந்தச் சீட்டு கேட்டிருந்தது. எனக்கு அங்கே வாக்கில்லை. இருந்திருந்தால் நானும் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.