வண்டிக்குள் அமர்ந்த சபை

கிறித்தவர்தம் வழிபாட்டுக் கூட்டத்தைத் தமிழில் 'சபை' என்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு நேராக நிற்கும் சொல் 'எக்ளேசியா' என்பது. அழைக்கப்பெற்று வெளிவந்து கூடினோர் என்பது அதன் சொற்பிறப்பு. பழைய கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடிய மன்றத்திற்கும் அதுவே பெயர். ஆகவே, அச்சொல்லுக்கு உயிர் கூட்டமேயன்றிக் கட்டடம் அன்று. அங்ஙனமாயின், கூடுதலே நோய்க்கு வழியாகும் காலத்தில் சபை என்பது யாதாகும்? 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவியபோது இவ்வினா மீண்டும் எழுந்தது. அமெரிக்க நாட்டில் அது நீதிமன்றம் வரை சென்றது. வண்டியை விட்டு இறங்காமலே வழிபடும் 'டிரைவ்-இன்' முறை அங்கே அவ்வினாவுக்கு ஒரு விடையாக வந்தது. அம்முறையின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

சென்னையில் பல்லாண்டு இருந்து 2008இல் மூடப்பெற்ற உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தை அறிந்தோர்க்கு இச்சொல் புதிதன்று. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டில் நியூ செர்சி மாநிலத்துக் காம்டன் நகரை அடுத்து ரிச்சர்டு ஆலிங்சுஹெட் என்பார் டிரைவ்-இன் திரைப்படக் கொட்டகை ஒன்றைத் தொடங்கினார். 1955ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கலிபோர்னியாவில் இத்தகைய கொட்டகை ஒன்றை இராபர்ட் ஷுல்லர் என்னும் போதகர் ஞாயிறு காலைகளில் வாடகைக்கு அமர்த்தினார். சிற்றுண்டிக் கடையின் கூரைமேல் நின்று அவர் உரையாற்ற, மக்கள் வண்டிகளுக்குள் அமர்ந்து, திரைப்படத்திற்கென வைத்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியே கேட்டனர். அந்நாளில் அங்கே நோய் எதுவும் காரணம் அன்று. கட்டடம் எழுப்பப் பொருளின்மையும், வண்டியிலேயே வாழப் பழகிய மக்களின் இயல்புமே காரணங்கள். அவர் 1980இல் எழுப்பிய பளிங்குக் கோயிலிலும், வண்டியில் இருப்போர் உள்ளே காணுமாறு பெருங்கதவுகள் திறந்தன. வசதி கருதிப் பிறந்த ஒரு முறையே 65 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கண் காலத்தில் கைகொடுத்தது.

ஆயினும் முறையின் உட்கருத்து ஷுல்லருக்கு மிக முந்தியது. 1576இல் இத்தாலி நாட்டு மிலான் நகரைக் கொள்ளைநோய் பற்றியது. மக்கள் வீட்டை விட்டு வெளிவருதல் தடுக்கப்பட்டது. பேராயர் சார்லசு பொரோமேயோ தெருக்கள் கூடும் சந்திகளில் பலிபீடங்களை அமைப்பித்தார். மக்கள் தம் பலகணிகளிலும் வாயில்களிலும் நின்று திருப்பலியைக் கண்டனர். சுவர் பிரித்தது, காட்சி சேர்த்தது. அவரே அதற்கு முன் தெருவில் பெரும் பவனிகளையும் நடத்தினார் என்பதை மறைத்தல் கூடாது. நோய்க்கு அஞ்சிய அறிவும் கூடுதலை விடாத பற்றும் ஒருவரிடத்தேயே போராடின என்று கொள்வதே பொருந்தும்.

இதனினும் நம் உள்ளத்தைத் தொடுவது இங்கிலாந்தின் தெர்பிசயர் பகுதியில் உள்ள 'ஈம்' என்னும் சிற்றூரின் செய்தி. 1665இல் அவ்வூரிற் கொள்ளைநோய் புகுந்தது. இலண்டனிலிருந்து தையற்காரர் ஒருவர் வீட்டிற்கு வந்த துணிப் பொதியோடு அது வந்தது என்பர். மறு ஆண்டில் ஊர்ப் போதகர் வில்லியம் மாம்பெசன், தமக்கு முன் அவ்வூரிற் பணியாற்றிய தாமசு இசுடான்லியோடு கலந்து, நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்க ஊரார் எல்லை கடவாதிருக்க வேண்டும் என்றார். இருவரும் சமயக் கொள்கையில் மாறுபட்டவர்கள். அவ்வேறுபாட்டால் இசுடான்லி பதவியை இழந்தவர். அத்தகையோர் ஒன்றுபட்டமை கருதற்குரியது. கோயில் பூட்டப்பட்டது. வழிபாடு 'கக்லெட் டெல்ஃப்' என்னும் புல்வெளிப் பள்ளத்தாக்கிற்கு மாறியது. குடும்பம் குடும்பமாக, ஒருவர்க்கொருவர் விலகி நின்று கேட்டனர். இறந்தோர் ஏறத்தாழ 260 பேர் என்பது மரபுவழிக் கணக்கு. மாம்பெசனின் மனைவியும் அவருள் ஒருவர். ஈண்டுக் கோயிற் கதவைச் சாத்தியவர் அரசர் அல்லர், போதகரே ஆவர். 2020இன் வழக்குகளை நோக்கும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இனி அவ்வழக்குகளுக்கு வருவாம். 2020 மார்ச்சு 11 அன்று உலக நல நிறுவனம் இந்நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. அதற்கு முன்னாள்தான் வாசிங்டன் மாநிலத்துச் சுகாசிட் பகுதியில் பாடகர் குழு ஒன்று பயிற்சிக்குக் கூடியது. வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றனர் என்று கணக்கிடப்பட்டது, இருவர் இறந்தனர். சேர்ந்து பாடுதலே ஏதமாயிற்று என்றால், மூடிய மண்டபத்தில் வழிபாட்டைத் தடுத்த அரசுகளைக் குறை கூற இயலாது. ஆகவே பல சபையார் வண்டி நிறுத்துமிடங்களை நாடினர். போதகர் மேடையில் நின்றார். குறுந்தொலைவு எட்டும் பண்பலை ஒலிபரப்பு, கண்ணாடி ஏற்றிய வண்டிகளின் வானொலிக்கு அவர் குரலைக் கொணர்ந்தது. 'ஆமென்' என்பதற்கு மாறாக ஹாரன்கள் ஒலித்தன.

மிசிசிப்பி மாநிலத்துக் கிரீன்வில் நகரம் இதனையும் தடுத்தது. ஏப்பிரல் 8 அன்று டெம்பிள் பாப்டிசுட் சபையின் வண்டி நிறுத்துமிடத்திற் காவலர் வந்து, வண்டிக்குள் இருந்தோர்க்கு ஆளுக்கு 500 டாலர் தண்டச் சீட்டுகளைக் கொடுத்தனர். அவ்வூரிலேயே டிரைவ்-இன் உணவகங்கள் அன்று திறந்திருந்தன. வண்டிக்குள் அமர்ந்து உண்ணலாம், வண்டிக்குள் அமர்ந்து தொழலாகாது என்பது எவ்வகை அளவைக்கும் பொருந்தாது. கூட்டாட்சி நீதித்துறை ஏப்பிரல் 14 அன்று சபையார் பக்கம் சார்ந்து நீதிமன்றத்திற்குக் கருத்துரைத்தது. நகரமும் தன் ஆணையைத் தளர்த்தித் தண்டத்தைக் கைவிட்டது.

கெண்டக்கியின் லூயிவில் நகரத்து வழக்கும் இத்தகையதே. ஈசுடர் திருநாளுக்கு முன்னாளாகிய ஏப்பிரல் 11 அன்று, டிரைவ்-இன் வழிபாட்டை நகர் தடுத்தலாகாது என நீதிபதி சசுடின் வாக்கர் ஆணையிட்டார். வண்டியில் இருந்தபடியே மதுவை வாங்கிச் செல்ல விட்ட நகரம் வழிபாட்டை மட்டும் விலக்கியது என்பது அவர் கண்ட குறை. மறுநாள் ஈசுடரன்று, அம்மாநிலத்து மேரிவில் பாப்டிசுட் சபையிற் சிலர் கட்டடத்திற்குள்ளும் சிலர் வெளியே வண்டிகளிலும் இருந்தனர். காவலரோ எல்லா வண்டிகளின்மேலும் ஒரே அறிவிப்பை வைத்துச் சென்றனர். உள்ளிருந்தார்க்கும் வெளியிருந்தார்க்கும் வேறுபாடு காணாமையே பிழை. மே 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவ்-இன் வழிபாட்டை மட்டும் அப்போதைக்கு அனுமதித்தது. அத்தீர்ப்பே நிலைமையை உள்ளவாறு அறிந்தது என்பது நம் கருத்து. ஒரு வாரம் சென்று, மே 9 அன்று, மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் கட்டடத்திற்குள் கூடுதற்கும் இடமளித்தது.

இரு பக்கமும் பழைய செய்தியை மறந்தமை வியப்பாகும். ஆட்சியாளர் மிலான் நகரத்துப் பலகணிகளை மறந்தனர். இத்தடை சமயத்தின்மேல் தொடுத்த போர் என முழங்கினோர், ஈம் ஊர்ப் போதகர் தம் கையாலேயே கதவைச் சாத்தியதை மறந்தனர். நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டது நடுவுநிலை பற்றிய வினா. உணவகத்துக்கு உள்ளது சபைக்கும் உண்டா என்பதே அது. வண்டிதோறும் தனித்தமர்ந்தோர் சபை ஆவரா என்னும் வினா நீதிபதிகள் கையில் விடக்கூடியது அன்று. குரலும் வேளையும் பொதுவாயின் கூட்டம் உளது எனலாம். ஆனால் அப்பத்தைப் பகிர்தல் என்னும் சடங்கிற்குக் கண்ணாடிச் சன்னல் இடந்தரவில்லை. முன்னரே மூடி முத்திரையிட்ட சிறு கிண்ணங்களில் அப்பமும் சாறும் வைத்து வழங்கிய சபைகளும் இருந்தன. வண்டி இல்லாதார் நிலையோ வேறு. மிலான் ஏழைக்குப் பலகணி இருந்தது; ஈம் ஊர்க் குடியானவனுக்குப் புல்வெளி இருந்தது. வண்டி நிறுத்துமிடத்துச் சபையிலோ, வண்டி இல்லாத முதியவர் பிறர் வண்டியில் ஏறவும் நோய் தடுத்தது.