அறிவிக்கையும் ஆட்சேபமும்: தமிழக நிலமெடுப்புச் சட்டங்களில் கருத்துக் கேட்பின் வரலாறு

1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, அரசு எடுக்கவிருக்கும் நிலத்தின் உடைமையாளர் இழப்பீட்டின் அளவு பற்றி மட்டுமே வாதாட இயலும். நிலத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்ற வினாவை எழுப்ப அச்சட்டம் இடம் தரவில்லை. 1923ஆம் ஆண்டின் 38ஆம் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவே அவ்வினாவுக்கு வழி திறந்தது. அறிவிக்கை வெளியான 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மாவட்ட ஆட்சியர் நேரிலோ வழக்குரைஞர் வழியாகவோ கேட்டு அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அரசின் முடிவே இறுதியானது.

இவ்வுரிமையை வெறும் சடங்காகக் கருத முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் நந்தேசுவர் பிரசாத் வழக்கில் தெளிவுபடுத்தியது. முன்ஷி சிங் வழக்கு இன்னும் நுட்பமானது. 'திட்டமிட்ட வளர்ச்சி' என்று மட்டும் கூறும் அறிவிக்கைக்கு எதிராக ஒருவர் எதை ஆட்சேபிக்க முடியும்? நோக்கம் தெளிவற்றிருப்பின் ஆட்சேப உரிமையும் பொருளற்றதாகிவிடும் என்பதே அவ்வழக்கின் சாரம். இதற்கு நேர்மாறாக, 17(4) பிரிவு அவசரத்தின் பெயரால் 5ஏ விசாரணையையே தவிர்க்க அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. அறிவிக்கையை வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலேனும் வெளியிட வேண்டும் என்ற விதி 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது. அரசிதழைக் கண்ணால் காணாத உழவருக்கு அதுவரை இவ்வுரிமை எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கும் என்பது எண்ணத்தக்கது.

தமிழக அரசு தானே இயற்றிய மூன்று சட்டங்களில் இவ்வரலாறு வேறு திசையில் திரும்புகிறது. அவை ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டம் ஆகியன. மையச் சட்டத்தில் அரசிதழ் அறிவிக்கை முதலில் வரும். ஆட்சேபம் அதைத் தொடரும். மாநிலச் சட்டங்களிலோ இவ்வரிசை தலைகீழாகிறது. நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது எனக் காரணம் கேட்கும் தனி அறிவிப்பு முதலில் அனுப்பப்படும். அரசிதழில் வெளியீடு அதன் பின்னரே. வெளியான உடனே நிலம் அரசுக்கு உரியதாகிவிடும். ஊராரை அழைக்கும் தொடக்க ஆவணமாக இருந்த அரசிதழ் அறிவிக்கை, இச்சட்டங்களில் வாயிலை மூடும் ஆவணமாக மாறியது.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கு அவசரப்பட்டுக் குறை கூற இயலாது. நிலவுடைமையாளரின் ஆட்சேபம், நிலமற்றோரின் வீட்டுமனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் கருவியாகவும் அமையக்கூடும். அச்சட்டத்தை ஆனந்தி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டைத் தவணையில் வழங்கும் ஏற்பாடு நீங்கலாக, ஏற்றுக்கொண்டது. ஆயின் மனையற்றோருக்காக வகுக்கப்பட்ட சுருக்க நடைமுறை பின்னர் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் பொருந்துமாறு விரிக்கப்பட்டபோது அதன் நியாயம் உடன் வந்ததா என்பதே கேள்வி.

2013ஆம் ஆண்டின் மையச் சட்டம் ஆட்சேபக் காலத்தை 60 நாட்களாக உயர்த்தியது. சமூகத் தாக்க மதிப்பீட்டையும் அதற்கான பொது விசாரணையையும் கட்டாயமாக்கியது. மேலும், வாழ்வாதாரம் முதன்மையாகப் பாதிக்கப்படுவோரையும் 'நலனுடையோர்' என்ற வரையறைக்குள் கொணர்ந்தது. பட்டா இல்லாத வேளாண் தொழிலாளரும் பேசலாம் என்ற நிலை அதனால் உருவாயிற்று. தமிழக அரசு 105ஏ என்னும் திருத்தத்தின் வழியே தன் மூன்று சட்டங்களையும், இழப்பீடு, மறுவாழ்வு, மீள்குடியேற்றம் ஆகியன தவிர, அச்சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. 2019 சூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மூன்று சட்டங்களும் செல்லாதவையாகிவிட்டன எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அரசு அவற்றுக்கு உயிர் தரும் புதிய சட்டத்தை 2013 செப்டம்பர் 26 முதல் பின்னோக்கி நடைமுறைக்குக் கொணர்ந்தது; 2021 சூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

இதன் விளைவு ஒரு சிறு சொற்றொடரில் தங்கியுள்ளது. மாநிலச் சட்டங்களின்படி காரணம் கேட்கும் அறிவிப்பு உடைமையாளருக்கும், நிலத்தில் நலனுடையவர் என அரசோ உரிய அலுவலரோ கருதும் பிறருக்கும் அனுப்பப்படும். குத்தகைப் பதிவில் பெயரில்லாத வாரதாரரோ, அந்நிலத்தில் நாற்று நட்டுக் கூலி பெறும் பெண்ணோ அக்கருத்துக்குள் வருவாரா என்பதை முடிவு செய்வது, அந்நிலத்தை எடுக்கும் தரப்பேயாகும்.