இணையவழிக் குர்ஆன் கல்வி

இணையவழிக் குர்ஆன் கல்வி என்பது ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தவாறு, நிகழ்பட அழைப்பின் மூலம் திருக்குர்ஆன் ஓதப் பயிலும் முறையாகும்.

ஆசிரியர் தெரிவு

அரபு மொழியில் இதயத்தையும் நாயையும் குறிக்கும் சொற்கள் இரண்டும் தமிழில் 'கல்ப்' என்றே எழுதப்படுகின்றன. முதல் எழுத்தின் ஒலிப்பு மட்டுமே வேறு. எனவே தமிழ் எழுத்துப்பெயர்ப்பைக் கொண்டு கற்பது போதாது. ஓதலைக் கேட்டுத் திருத்தும் ஆசிரியர் தேவை.

ஓதல் விதிகளான தஜ்வீதில் ஆசிரியருக்குள்ள பயிற்சியும், அவர் தம் ஆசிரியரிடம் ஓதிக்காட்டிப் பெற்ற இசைவான இஜாஸாவும் தகுதிகளாகக் கருதப்படுகின்றன. பெயரின் பின்வரும் பட்டம் பயின்ற கல்லூரியைச் சுட்டும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்றோர் 'பாகவி' எனவும், விருத்தாச்சலம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தின் லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் பயின்றோர் 'மன்பஈ' எனவும் அழைக்கப்படுவர். எனினும் பட்டம் கற்பிக்கும் திறனைக் காட்டாது. மாணவரைத் தனியே ஓதச் செய்து, பிழையை அவ்விடத்திலேயே திருத்துகிறாரா என்பதை முதல் வகுப்பில் பெற்றோர் உடனிருந்து அறியலாம்.