துபாஷியின் கடைசி மார்கழி

எங்கள் ஊர் வீட்டை விற்ற சமயம் பரணிலிருந்து என் பாட்டனாரின் நாட்குறிப்புகள் முப்பதுக்கு மேல் அகப்பட்டன. நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டவர் அவர். அவரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி ஏது என்று ஆவலோடு ஒன்றைப் பிரித்தேன். 1962 நவம்பர் 20-ஆம் தேதிப் பக்கம். பால்காரி வரவில்லை. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்தும் குணமில்லை. கிணற்றுக் கயிறு அறுந்துவிட்டது. போம்டிலா சீனர் வசமாகிவிட்டதாம். இவ்வளவுதான். கயிற்றுக்கு ஒரு வரி. போம்டிலாவுக்கும் ஒரு வரி.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. மனிதர் தேசம் தத்தளித்த வேளையில் முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறாரே என்று நினைத்தேன். பழைய பேப்பர்காரர் வந்தபோது மூட்டையோடு போட்டுவிட்டேன். அந்த ஒரு வருஷத்து நோட்டு மட்டும் தப்பியது. அதுவும் அதற்குள் ஒரு நிலவரி ரசீது இருந்ததால்தான்!

செய்த தவறு எவ்வளவு பெரியது என்று பிற்பாடு எனக்குப் புத்தி சொன்னவர், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் மறைந்த ஒருவர். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.

சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709-இல் பிறந்தவர் அவர். தகப்பனாரோடு புதுச்சேரிக்கு வந்து, பிரெஞ்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்து செழித்தார். சொந்தமாகக் கப்பல் ஓட்டினார். 1747-இல் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியானார். இரண்டு பாஷைக்காரர் என்று பெயரே தவிர, ராஜ்யத்தின் வியாபாரமும் ரகசியமும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் போய் வந்தன. 1736 செப்டம்பரில், இருபத்தேழாவது வயதில், அவர் தினக்குறிப்பு எழுதத் தொடங்கினார். இருபத்துநான்கு வருஷங்களுக்கு மேல் அது தொடர்ந்தது.

அந்த ஏடுகளில் இல்லாதது என்ன? டில்லியில் நாதிர்ஷா செய்த அட்டூழியம் இருக்கிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தது இருக்கிறது. டூப்ளேயின் மனைவி செய்த சூழ்ச்சிகளும் இருக்கின்றன. கூடவே கல்யாணச் செலவு, ஜாதகம், கவர்னர் முகம் கொடுத்துப் பேசினாரா இல்லையா என்ற மனத்தாங்கல், துபாஷி உத்தியோகத்துக்குப் போட்டியிட்டவர்கள் மேல் ஆத்திரம், எல்லாம் இருக்கின்றன. பெரிய சேதி, சின்னச் சேதி என்று அவர் தனித்தனிப் பெட்டி வைத்துக்கொள்ளவில்லை. தேதிதான் பெட்டி. அன்றைக்கு வந்ததெல்லாம் அதற்குள் விழும்.

காலம் ஒருவரையே தூக்கிக்கொண்டிருக்குமா? 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டுக் கப்பலேறினார். 1756-இல் பிள்ளையின் மனைவி காலமானார். அதே வருஷம் கவர்னர் லெரி, உடல்நலம் குன்றியவர் என்று பிள்ளையைத் துபாஷி உத்தியோகத்திலிருந்து விலக்கினார். எடுத்திருந்த குத்தகைகளின் பழைய பாக்கிகள் கழுத்தைப் பிடித்தன. ஒரு காலத்தில் எவர் வீட்டு வாசலில் பல்லக்குகள் வரிசையாக நின்றனவோ, அவர் இப்போது உடம்பு முடியாமல் வீட்டோடு கிடந்தார். சேதிகள்தான் அவரைத் தேடி வந்தன. வயதைப் பார்த்தால் ஐம்பது. இன்றைய கணக்கில் அது முதுமையே அல்ல. ஆனால் அந்த ஐம்பதுக்குள் அவர் ஒரு சாம்ராஜ்யக் கனவு எழுந்ததையும் சரிந்ததையும் பார்த்து முடித்திருந்தார்.

அப்பொழுது ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே இரு ராஜாக்கள் மல்லுக்கு நின்றால் இங்கே புதுச்சேரியில் அரிசி விலை ஏறும். இந்த விசித்திரத்தை நம் நாட்டில் முதலில் அனுபவித்தவர்களில் அந்த ஊர் ஜனங்களும் சேர்த்தி. அதிலும் ஐரோப்பாச் சேதி வந்து சேர ஆறு மாதமோ, அதற்கு மேலுமோ ஆகும். காற்று அனுகூலமாக இருக்கவேண்டும். எதிரிக் கப்பல் மடக்காமல் இருக்கவேண்டும். இன்று கேட்டுக் கவலைப்படும் சேதி எப்போதோ நடந்து முடிந்ததாக இருக்கும்.

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் லாலி தோற்றார். பிறகு ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியை நெருக்கினார். ஊரார் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1759-இல் போய்விட்ட தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படை திரும்பி வரும் என்று நம்பிக்கை. அது வரவே இல்லை. நவம்பரில், தானியம் போதாதென்று, ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சுமார் ஆயிரத்து நானூறு பேரை லாலி ஊருக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயரும் முதலில் வழிவிடவில்லை. இரண்டு பட்டாளங்களுக்கும் நடுவே வெட்டவெளியில் அந்த ஜனங்கள் ஒரு வாரம் தவித்தார்கள்.

மார்கழி மாதம். 1760 முடிந்து 1761 பிறந்த இரவில் பெரும் புயல் அடித்தது. முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கின. சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். வருணபகவானே வந்து காப்பாற்றிவிட்டார் என்று ஊருக்குள் எத்தனை பேர் கும்பிட்டிருப்பார்கள்! ஆனால் ஒரு வாரத்திற்குள் மிச்சக் கப்பல்கள் பழையபடி வந்து நின்றுவிட்டன. ஊருக்குள் யானையையும் ஒட்டகத்தையும் அடித்துத் தின்னும் நிலைமை. தை பிறந்தது. ஜனவரி 16-ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. பிள்ளையும் அந்த ஜனவரியிலேயே கண்ணை மூடினார்.

சரித்திரப் புத்தகத்தில் இந்த முற்றுகை இரண்டு பக்கம். அதை எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். 1763-இல் பாரிஸில் சமாதானம் ஏற்பட்டுப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கே திரும்பும் என்று தெரியும். அதே வருஷம் டூப்ளே வறுமையில் சாவார், 1766-இல் லாலியின் தலை பாரிஸில் வெட்டப்படும் என்றும் தெரியும். கட்டிலில் கிடந்த மனிதருக்கு இதில் ஒன்றும் தெரியாது. வெளியே கேட்பது புயலா, பீரங்கியா? வருவது நம் கப்பலா, அவர்கள் கப்பலா? பாக்கி வசூலாகுமா? இன்று இரவு உடம்பு எப்படி இருக்கும்? இந்தக் கேள்விகள் அவருக்கு வேறு வேறானவை அல்ல. எல்லாம் ஒரே பயத்தின் பல முகங்கள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு காலத்தில் இந்த முற்றுகையை வைத்துக் கதை எழுத முயன்றதுண்டு. பீரங்கிகளையும் புயலையும் வைத்துக்கொண்டு, வியாதியையும் வரவு செலவையும் தள்ளிவிட்டேன். கதை எழுந்து நடக்கவில்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை. வலிக்கிற உடம்பு ஒன்று நடுவில் இருந்தால்தான் பீரங்கிச் சத்தம் யார் காதிலாவது விழும்!

பிள்ளையின் ஏடுகள் எப்படித் தப்பின என்பது தனிக் கதை. அவருக்குப் பின் தம்பி மகன் அந்த வழக்கத்தைத் தொடர்ந்து எழுதினார். குடும்பத்தார் அவற்றைப் பேப்பர்காரரிடம் போடவில்லை. எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1846-இல், காலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அவை பட்டன. சென்னையில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்று அந்த வாசலை மிதிக்காமல் போக முடியாது.

என் பாட்டனார் துபாஷி அல்ல. ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் எழுதியதை யாரும் அச்சுப்போடப் போவதில்லை. ஆனால் தப்பிய அந்த ஒரு நோட்டை இப்போது பொறுமையாகப் படிக்கிறேன். நவம்பர் 20-ஆம் தேதி இரவு அவருக்குத் தெரிந்திருந்தது போம்டிலா விழுந்தது மட்டும்தான். சீனர் அடுத்து எங்கே வருவார்கள் என்று தெரியாது. மறுநாளே அவர்கள் சண்டையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதுவும் அவருக்குத் தெரியாது. மூத்த பிள்ளை, என் பெரியப்பா, அப்போது பட்டாளத்தில் இருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் பெயரே இல்லை.

22-ஆம் தேதிப் பக்கத்தில் ஒரே வரி: முழங்கால் தேவலை, கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்கியாயிற்று.

மற்ற முப்பது நோட்டுகளில் என்ன இருந்ததோ? எடைக்கு எடை காசு வாங்கிவிட்டேன்.