உரிமம் கோராதவர்கள்

தமிழ் கணினிக்குள் நுழைந்த காலத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாமினியில் தட்டெழுதி அனுப்பிய கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யுனிகோட் பரவும் வரை ஒவ்வோர் எழுத்துருவும் தனி நாடு. 1980ஆம் ஆண்டளவில் மின்னிசைக் கருவிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஒரு நிறுவனத்தின் சிந்தசைசரை இன்னொரு நிறுவனத்தினதோடு இணைத்து இயக்குவது பெரும்பாலும் ஆகாத காரியம்.

இதை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் யப்பானியரான இக்குத்தாரோ கக்கெஹாஷி. 1930இல் ஒசாக்காவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, கடிகாரம் திருத்தும் தொழிலில் தொடங்கி, 1972இல் ரோலண்ட் நிறுவனத்தை உருவாக்கியவர். பொதுவான இணைப்பு முறையொன்று வேண்டும் என்று 1981இல் அமெரிக்க உற்பத்தியாளர்களிடம் பேச்செடுத்தார். கலிபோர்னியாவில் சீக்குவென்ஷியல் சேர்க்கிட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த டேவ் ஸ்மித், சக பொறியியலாளர் செட் வூட்டுடன் எழுதிய முன்வரைவை அவ்வாண்டின் இறுதியில் ஒலிப்பொறியியலாளர் மாநாட்டில் சமர்ப்பித்தார். அமெரிக்க நிறுவனங்கள் பல ஒதுங்கிக்கொள்ள, ரோலண்ட், யமஹா, கோர்க், கவாய் ஆகிய யப்பானிய நிறுவனங்களே ஸ்மித்துடன் தொடர்ந்து உழைத்தன. 1983 ஜனவரியில் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் கருவி ஒன்றும் ரோலண்டின் கருவி ஒன்றும் கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றின் கட்டையை அழுத்த மற்றது ஒலித்தது. அதுவே மிடி.

மிடி ஒலியைப் பதிவு செய்கிறது என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அது ஒலியைத் தொடுவதேயில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பவை மட்டுமே எண்களாகச் செல்கின்றன. ஈய எழுத்துக் கோர்த்த அச்சகங்களைப் பார்த்த என் போன்றோருக்கு இது எளிதில் விளங்கும். ஒலிநாடா என்பது அச்சாகிவிட்ட தாள்; மிடியோ இன்னும் அச்சுக்கோப்பாளரின் கையிலுள்ள பக்கம். பிழையான ஓர் எழுத்தை மட்டும் தூக்கி மாற்றலாம். வயலினுக்கென வாசித்ததைப் புல்லாங்குழலுக்குக் கொடுக்கலாம்.

இறுவட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். மிடியிலோ முழுப்பாடலே சில பத்துக் கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். எண்பதுகளின் எளிய வீட்டுக் கணினி இசைக்கலைஞரின் மேசைக்கு வந்தது இதனாற்றான். 1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடித் துளைகள் உடனமைந்தே இருந்தன. அதற்கென ஹம்பேர்க்கின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1989இல் கியூபேஸ் மென்பொருளை வெளியிட்டது. உண்மையான ஒலி பின்னரே வந்து சேர்ந்தது: 1991இல் புரோ டூல்ஸ், 1996இல் கியூபேஸின் புதிய பதிப்பு. 1992இல் 'ரோஜா'வுடன் அறிமுகமான ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தம் வீட்டோடு அமைத்திருந்த கலையகமும் இக்காலத்தின் விளைச்சலே.

குறை இல்லாமலில்லை. மிடி, கட்டைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அழுத்தும் விசைக்கு 0 முதல் 127 வரையான படிகள்தாம். ஒரு தடத்தில் ஒரு சுரத்தை வளைத்தால் அத்தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தும் வளையும். கமகத்தில் ஊறிய காதுக்கு இது போதாது. 2020இல் வெளியான மிடி 2.0 இவற்றைப் பெருமளவு தீர்த்தது.

எனினும் என்னை ஈர்ப்பது தொழில்நுட்பமன்று. எவரும் மிடிக்கு உரிமத்தொகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்மித் பெருஞ்செல்வராகியிருக்கலாம். மாறாக, அவருடைய நிறுவனம் நொடித்து 1987இல் யமஹாவின் கைக்குப் போனது. பெயரும் கூடவே போனது. 2013இல் கக்கெஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் தொழில்நுட்பத்துக்கான கிரமி விருது வழங்கப்பட்டது. 2015இல் யமஹா, சீக்குவென்ஷியல் என்ற அந்தப் பெயரை ஸ்மித்திடமே திருப்பிக் கொடுத்தது. அப்படிச் செய்யுமாறு யமஹாவின் தலைவரிடம் பரிந்துரைத்தவர், இரு நிறுவனங்களுக்கும் போட்டியாளராயிருந்த கக்கெஹாஷி. அவர் 2017இலும் ஸ்மித் 2022இலும் காலமாயினர்.