உமறுப் புலவர் பெயரில் ஓர் அறிவியல் வகுப்பு

தென்காசிக்கும் புளியங்குடிக்கும் நடுவே, மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் கடையநல்லூர், தறிச் சத்தத்துக்குப் பேர்போன ஊர். நெசவு நொடித்த காலத்தில் இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்குக் கப்பலேறின. மற்ற ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் தனியாளாகப் போய் ஊருக்குப் பணம் அனுப்பியபோது, இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். தஞ்சோங் பகார் பக்கம் குடியேறினார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள்.

குடும்பம் வந்துவிட்டால் பள்ளிக்கூடமும் வேண்டுமே. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் ஓய்ந்த கையோடு 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரையே அதற்கு வைத்தது.

பெயரிலேயே இலக்கியம் இருந்தது. உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரமும் கடையநல்லூரைப் போலவே பழைய நெல்லைச் (திருநெல்வேலிச்) சீமைதான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அவருடைய காப்பியம் 1842-லேயே அச்சேறிவிட்டது. இலக்கியப் புத்தகம் தேர்ந்தெடுப்பது அந்தப் பள்ளிக்கு ஒரு பாடாக இருந்திருக்காது. ஔவையாரும் வள்ளுவரும் எந்தத் துறைமுகத்துக்கும் வந்து சேரக்கூடியவர்கள்.

கணக்கின் கதை வேறு. நெல்லைச் சீமைத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி இருந்தது. முந்திரி (320-இல் ஒன்று), காணி (80-இல் ஒன்று), மா (20-இல் ஒன்று) என்று பின்னங்களை ராகம் போட்டு ஒப்புவித்துப் பிள்ளைகள் மனத்தில் ஏற்றினார்கள். நிலம் அளக்கக் குழிமாற்று, நெல் அளக்க நெல்லிலக்கம். புத்தகம் ‘தேர்ந்தெடுக்கும்’ வேலையே அங்கே கிடையாது. சுவடி ஒன்றுதான், அதுவும் வாத்தியாரின் நாவில் இருந்தது. அரசாங்கப் பரீட்சையும் அச்சுப் புத்தகமும் வந்தபின் அந்தக் கணக்கு பள்ளிக்கூடத்தை விட்டு மெல்ல வெளியேறியது. டாலரும் சென்ட்டும் புழங்கிய தீவில் முந்திரிக்கும் காணிக்கும் என்ன வேலை?

அறிவியலுக்கோ பழைய சுவடிகூடத் துணையில்லை. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் பாதிரியார் 1832-இல் பூமிசாஸ்திரம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் உயர்நிலை வகுப்புக்கு வேதியியல், இயற்பியல் நூல்களைத் தமிழில் எழுதுவதென்றால் முதலில் சொற்கள் வேண்டும். அந்த வேலையிலும் நெல்லை முன்னே நின்றது. திருநெல்வேலியில் 1934-இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் விடாமுயற்சியால் துறைவாரியாகச் சொற்களைத் திரட்டியது. 1936-இல் சென்னையில் விபுலானந்த அடிகள் தலைமையில் மாநாடு கூட்டி அவற்றை விவாதித்தார்கள். கணிதம், வேதியியல், தாவரவியல் என்று பிரித்து 1938-இல் ‘கலைச்சொற்கள்’ வெளியானது. தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் தாய்மொழிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

சண்டையும் கூடவே வந்தது. 1940-இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைத்த கலைச்சொல் குழு வடசொற்பக்கம் சாய்கிறது என்று தமிழறிஞர்கள் கொதித்தார்கள். அந்தச் சண்டை இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே வேதிப்பொருளுக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு பெயர் இருந்தால், பரீட்சை எழுதும் பையன் எதை நம்புவான்?

கடல் கடந்த பள்ளிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்தியாவில் அச்சான புத்தகத்தில் வரும் ஆறும் பயிரும் சிங்கப்பூர்ப் பிள்ளை பார்த்தறியாதவை. கல்வி குறித்துச் சிங்கப்பூரில் 1956-இல் வெளியான அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை, ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்ற நான்கு மொழிகளுக்கும் சம மதிப்பு வேண்டும், பாடநூல்கள் மலாயா மண்ணைச் சார்ந்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960-இல் உமறுப் புலவர் பள்ளியில் உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு இருந்தது அந்த ஒரு பள்ளிதான்.

அந்த ஒருமையே பள்ளியின் பெருமை. அதுவே அதன் பலவீனமும்கூட. ஒரே ஒரு பள்ளியின் மாணவர்களை நம்பி எந்தப் பதிப்பாளர் இயற்பியல் புத்தகம் போடுவார்? படித்து முடித்தவர் சேரத் தமிழ்வழிப் பல்கலைக்கழகமும் அங்கே இல்லை. அறுபதுகளின் பின்பாதியில் ஆங்கிலம் அல்லாத பிறமொழித் தொடக்கப் பள்ளிகளிலும் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு நகரத் தொடங்கின. பெற்றோர் இதைச் சட்டென்று புரிந்துகொண்டு, பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிழைக்க வந்தவர்களுக்கு வேலைதான் முதல் பாடம்.

சேர்க்கை வற்றி, 1982-இல் பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டே அதே பெயரில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் வந்தது. வெவ்வேறு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கு அங்கே வருகிறார்கள். அறிவியலையும் கணக்கையும் தங்கள் பள்ளியிலேயே ஆங்கிலத்தில் படித்துவிடுகிறார்கள்.