தப்பான காரணம், சரியான சோறு

1905 டிசம்பர். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஒரு பக்கத்துக்கு ஆலையில் தீட்டிய பச்சரிசிச் சோறு. மறுபக்கத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு. கறி, மீன், காய் எல்லாம் இரு பக்கத்துக்கும் ஒன்றே. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறதோ என்ற சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று, நடுவில் இரு கூட்டத்தையும் இடம் மாற்றிக் குடிவைத்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. ஓராண்டுக்குள் பச்சரிசிக் கூட்டத்தில் பதினெட்டுப் பேர் பெரிபெரி நோயில் இறந்துபோனார்கள். புழுங்கலரிசி தின்றவர்களில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

பெரிபெரி முதலில் காலைப் பிடிக்கும். பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வீக்கம் மேலே ஏறி இதயத்தைத் தொட்டால் சில நாட்களில் கதை முடிந்துவிடும். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை இந்த நோய் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோனது. அதே மலாயாவில், அதே வெயிலிலும் மழையிலும், தோட்டங்களில் உழைத்த தமிழர்களிடம் மட்டும் அது அதிகம் நெருங்கவில்லை.

ஏன் என்று கேட்டவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன். சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளைவெளேரென்று தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கலரிசியே கேட்டு வாங்கினார்கள். வித்தியாசம் சோற்றுப் பானைக்குள்தான் என்று பிராடன் அடித்துச் சொன்னார். 1907-ல் அதைத் தடித்த புத்தகமாகவே எழுதினார்.

அவர் சொன்ன தீர்வு சரி. சொன்ன காரணம் தப்பு. தீட்டிய அரிசி கிடங்கில் கிடக்கும்போது அதில் ஏதோ நஞ்சு ஊறுகிறது, நெல்லை அவித்தால் அந்த நஞ்சு உண்டாவதில்லை என்பது பிராடனின் கட்சி.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரிபெரியின் வரலாற்றைப் புரட்டினால், மருந்தைக் கண்டவர்கள் பலரும் காரணத்தைத் தவறவிட்டவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களில் முதலில் நிற்பவர் ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் படித்துவிட்டு 1880-ல் ஊர் திரும்பியவர். கப்பல்களில் மாலுமிகள் சரிந்துகொண்டிருந்தார்கள். 1882 கடைசியில் புறப்பட்ட ‘ரியூஜோ’ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர் போனார்கள். நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று சுற்றி வருவதற்குள் 160 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள், 25 பேர் இறந்தார்கள். 1884-ல் ‘ட்சுகுபா’ என்ற இன்னொரு கப்பலை ஏறக்குறைய அதே வழியில் அனுப்ப ஏற்பாடு செய்தார் தகாகி. வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சி, மீன், பார்லி, பயறு ஆகியவற்றை ஏற்றினார். நோய் கண்டவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். ஒரு சாவும் இல்லை. சில ஆண்டுகளில் கடற்படையில் பெரிபெரி அநேகமாக ஒழிந்தது.

தகாகி சொன்ன காரணம் புரதக் குறைவு. சோற்றில் நைட்ரஜன் போதவில்லை, அதனால் நரம்பு தளர்கிறது என்றார். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

ராணுவ மருத்துவத்துறை ஜெர்மனியைக் குருவாக வரித்திருந்தது. கிருமி இல்லாமல் நோய் ஏது என்பது அந்தக் காலத்து ஜெர்மன் பாடம். அங்கே போய்ப் படித்துத் திரும்பியவர் மோரி ரிந்தாரோ; மோரி ஓகாய் என்ற பெயரில் ஜப்பானிய இலக்கியத்தின் பெரும் எழுத்தாளராக அறியப்படுபவர். அவர் படைவீரர்களை வைத்து அரிசி, பார்லி, மேற்கத்திய உணவு மூன்றையும் ஒப்பிட்டு அளந்தார். நைட்ரஜன் கணக்கில் அரிசி சோடை போகவில்லை, பார்லியைவிட மேலாகவே நின்றது. அளவில் பிழை இல்லை. ஆனால் அளந்த பொருளுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. தகாகியின் காரணம் உடைந்தது, கூடவே அவருடைய பார்லியும் கேலிப்பொருளானது. கப்பல்களில் சாவு நின்றுபோனது என்ற கண்கண்ட உண்மை அந்த வாதத்தில் எடுபடவே இல்லை.

விலை என்ன தெரியுமா? 1904–05 ரஷ்யப் போரில் ஜப்பானிய ராணுவத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேருக்குப் பெரிபெரி வந்தது. சுமார் 27,000 பேர் அதில் இறந்தார்கள். வீரனுக்கு வெள்ளைச் சோறு போடுவது கௌரவம் என்ற எண்ணமும் இதில் சேர்ந்துகொண்டது. கிராமத்தில் தினையும் பார்லியும் தின்றவனைப் பட்டாளத்தில் சேர இழுத்ததில் அந்தச் சோற்றுக்கும் பங்கு உண்டு. போர் முடியப்போகும் நேரத்தில்தான் பார்லி கலக்க உத்தரவு போனது.

காரணம் தெரிந்த பிறகுதான் மருந்து என்று பிடிவாதம் பிடித்தவர்கள் பாமரர்கள் அல்ல. அன்றைய அறிவியலின் கறாரான மாணவர்கள். அதனால்தான் இந்தக் கதை சங்கடப்படுத்துகிறது. அதே நேரம் தகாகி பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தப்பான காரணத்தின் தோளில் ஏற்றிவைத்த தீர்வு, அந்தக் காரணம் விழும்போது தானும் விழுந்துவிடுகிறது. கேட்டவனுக்குப் பதில் சொல்ல அதற்கு வாய் இல்லை.

ஜாவாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. பெரிபெரிக் கிருமியைத் தேடி டச்சு அரசு அனுப்பிய குழுவோடு 1886-ல் பட்டாவியாவுக்கு வந்த கிறிஸ்டியான் எய்க்மான், ஆய்வுக்கு வளர்த்த கோழிகள் கால் தடுமாறி விழுவதைப் பார்த்தார். கிருமி ஏற்றிய கோழியும் விழுந்தது, ஏற்றாத கோழியும் விழுந்தது. பிறகு ஒருநாள் எல்லாம் தாமாகவே தேறிவிட்டன. விசாரித்ததில் சங்கதி சமையற்கட்டில் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோறு கொஞ்ச காலமாகக் கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைச் சிவிலியன் கோழிகளுக்குக் கொடுப்பதாவது என்று நிறுத்திவிட்டார்.

எய்க்மானின் பேச்சைக் கேட்டு அடோல்ஃப் ஃபோர்டர்மான் என்ற சுகாதார அதிகாரி ஜாவா, மதுரா தீவுகளின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். கைதிகள் கிட்டத்தட்ட 2,80,000 பேர். தவிட்டுத்தோல் பெரும்பகுதி ஒட்டியிருந்த அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் நோய் இருந்தது. தீட்டிய அரிசி போட்ட சிறைகளிலோ 39 பேருக்கு ஒருவர். இவ்வளவுக்குப் பிறகும் எய்க்மான், மாவுச்சத்தில் நஞ்சு இருக்கிறது, தவிட்டுத்தோலில் அதற்கு முறிவு இருக்கிறது என்றே நம்பினார். அவருடைய இடத்துக்கு வந்த கெரித் கிரைன்ஸ் 1901-ல்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். சோற்றில் இருக்கும் கெட்டதைத் தேட வேண்டாம், அதில் இல்லாமல்போன நல்லது எது என்று தேடுங்கள் என்றார். 1912-ல் காசிமிர் ஃபங்க் அந்த இல்லாத பொருளுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1926-ல் ஜாவாவிலேயே தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தார்கள். 1936-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பாதிரிக் குடும்பத்தில் பிறந்தவர். அதுதான் பி1, தயமின்.

தமிழர்கள் நெல்லை அவித்தது வைட்டமினுக்காக அல்ல. ஊறவைத்து, அண்டாவில் அவித்து, களத்தில் கிண்டிக் கிண்டிக் காயவைத்த நெல் குத்தும்போது நொய்யாகாது, அரிசி கெட்டிப்பட்டு நிற்கும். அந்தக் கெட்டித்தனம் போதும் என்று செய்ததில் உயிர்காப்பு இலவசமாகக் கூட வந்தது. தோலிலும் முளையிலும் இருக்கிற சத்து, ஊறி அவியும்போது நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலை தீட்டினாலும், சோற்றைக் கஞ்சி வடித்தாலும் கொஞ்சமாவது மிஞ்சும். பச்சரிசியில் அந்தச் சத்து மேலேயே நிற்பதால் தவிட்டோடு போய்விடுகிறது.

இதை அளந்து காட்டியதில் நீலகிரிக்கு நேரடிப் பங்கு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி விசாரணை பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. அவருக்குப் பிறகு அங்கே தலைவராக இருந்த வாலஸ் அய்க்ராய்டும் கூட்டாளிகளும் அரிசியை ஆலைக்கு முன்னும் பின்னும், கழுவும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். மாகாணத்தின் நோய் வரைபடம் சோற்று வரைபடத்தோடு ஒத்துப்போனது. ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் கரையோரத்தில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தெற்கில் அது அரிது.

ஆக, காரணம் தெரிந்தது, மருந்தும் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில் பிலிப்பைன்ஸின் பட்டான் மாகாணத்தில் தயமின் சேர்த்த அரிசியை விற்றுப் பார்த்தார்கள். நெல்லூர் வில்லியம்ஸும் அதில் முன்நின்றார். பெரிபெரிச் சாவுகள் சடசடவென்று குறைந்தன. 1952-ல் நாடு முழுவதற்கும் சட்டமே வந்தது. ஆலைக்காரர்கள் மசியவில்லை. சேர்க்கவேண்டிய சத்துக் கலவையை எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்த்தால், எவ்வளவு நெல் அரைத்தார்கள் என்பதும் வரி அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.